முதுகைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை

இன்று காலை வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் துணி காயப்போடும் கொடி அறுந்துவிட்டது. ஈரச் சேலையை வீசிப் போட்டேன். சத்தமே இல்லாமல் நடுவில் விட்டுப் போயிற்று. அறுந்த முனையை எடுத்துப் பார்த்தேன். மேலுறை வெயிலில் வெளுத்துப் பொடிந்திருந்தாலும் உள்ளே இருந்த இழைகள் இன்னும் பால் மாதிரி வெள்ளையாகத்தான் இருந்தன. விமானப்படையில் கழித்துப் போட்ட பாராசூட்டோடு நீங்கள் கொண்டுவந்த நைலான் கயிறு. தேங்காய்நார்க் கயிறும் கத்தாழைக் கயிறும் எத்தனையோ வாங்கி, மக்கி, எறிந்தாயிற்று. இது மட்டும் நீங்கள் போன பிறகும் வேப்பமரத்துக்கும் கட்டுத்தறித் தூணுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தது. மகள் கம்பி வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு வேலந்தாவளத்துக்குப் போயிருக்கிறாள். ஈரச் சேலை மடியில் கிடக்கிறது. நான் உங்களோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

நமக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, விமானப்படையில் பாராசூட் மடிக்கிற உங்கள் வேலையை என்னவென்று சொல்வது என்று எங்கள் ஊரில் யாருக்கும் தெரியவில்லை. "மாப்பிள்ளை ஏரோப்ளேன் ஓட்டறாருங்களா?" என்று கேட்டவர்களிடம் எங்கள் அய்யன், "இல்லீங்க, குடை மடிக்கிறாரு" என்று சொல்லிவிட்டுத் தானே சிரிப்பார். எனக்கும் அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. முதல் லீவில் வந்தபோது என் கூரைச்சேலையை எடுத்து நடுவீட்டில் நீளமாக விரித்து, ஒவ்வொரு மடிப்பையும் உள்ளங்கையால் நீவி நீவி மடித்துவிட்டு, ஒரு முனையை என் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னீர்கள். இழுத்தேன். சேலை முழுவதும் எங்கும் சிக்காமல் தண்ணீர் போல ஓடி வந்தது.

"இப்படித்தான் விரியோணும். ஒரு மடிப்பு சிக்குச்சுன்னா, அதுல தொங்கறவன் அவ்வளவுதான் அம்மிணி," என்றீர்கள். அதற்குப் பிறகு குடை மடிக்கிறவர் என்று யாராவது சிரித்தால் எனக்குக் கோபம் வந்தது.

எழுபத்தொன்றில், ஆனி மாதம். கணவாய்க் காற்று பனைமரங்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் லீவில் வந்திருந்தீர்கள். ரேடியோவில் செய்தி சொன்னார்கள். வானத்தில் வாரக்கணக்கில் தங்கியிருந்துவிட்டுத் திரும்பிய மூன்று ரஷ்யர்கள், இறங்கிய கூட்டுக்குள்ளேயே இறந்து கிடந்தார்கள் என்று. கையில் பிசைந்த சோற்றோடு நீங்கள் அப்படியே உட்கார்ந்திருந்தீர்கள்.

"குடை நல்லா விரிஞ்சிருக்குது. மெதுவாத்தான் எறங்கியிருக்குது. தேடி வந்தவங்க கதவத் தட்டியிருப்பாங்க," என்றீர்கள். யாரிடம் சொன்னீர்கள் என்று தெரியவில்லை. உங்கள் அம்மா, "யாரோ ரஷ்யாக்காரனுக்கு நீ ஏன் சோத்த எறக்கி வெக்கற?" என்று கேட்டார். நீங்கள் எழுந்துபோய்க் கை கழுவினீர்கள். மூன்று பேர் உட்கார இடம் போதாமல், காற்று அடைத்த உடுப்பு இல்லாமலே அவர்களை அனுப்பியிருந்தார்கள் என்பதும், வழியில் கூட்டிலிருந்த காற்று வெளியேறிவிட்டது என்பதும் பிறகுதான் தெரிந்தது. அதையும் நீங்கள்தான் எழுதினீர்கள். 'உடுப்புப் போட்டிருந்தால் வந்திருப்பார்கள்' என்று அந்தக் கடிதத்தின் அடியில் தனியாக ஒரு வரி இருந்தது.

அடுத்த லீவில் வந்தபோதுதான் சீட்டைப் பற்றிச் சொன்னீர்கள். விமானம் தீப்பிடித்தால் ஓட்டுகிறவரை நாற்காலியோடு வெளியே எறிகிற சீட்டு. வானத்துக்கு முதன்முதலில் போன ரஷ்யரும் திரும்பும்போது இப்படித்தான் சீட்டோடு கூட்டைவிட்டு வெளியே வந்து குடையில் இறங்கினாராம் என்று உங்கள் பிரிவில் பேசிக்கொள்வார்களாம். ஒரு நாள் நம் ஆட்களும் போவார்கள், அன்றைக்கு இதெல்லாம் தேவைப்படும் என்று அங்கே ஒரு டாக்டர் ஆபீசர் சொன்னாராம். செங்குத்தாக நிறுத்திய உயரமான தண்டவாளத்தில் சீட்டைப் பொருத்தி, அடியில் வெடிமருந்தை வெடிக்க வைத்து, ஆளை உட்கார வைத்து மேலே ஏற்றிப் பார்க்கிறார்கள். உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று தெரிய வேண்டுமாம். உட்கார நீங்கள் பெயர் கொடுத்திருந்தீர்கள்.

நான் அப்போது நம் மகளை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தேன்.

"நீங்க எதுக்குங்க போயி உக்காரோணும்?"

"யாராச்சும் உக்காந்தாத்தானே தெரியும்."

"பொம்மைய வெச்சுப் பாக்கறதுதானுங்களே?"

"பொம்மையும் வெக்கறாங்க. வலிக்குதான்னு கேட்டா அது சொல்லுமா?"

நீங்கள் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேச்சை மாற்றுவதற்காக ஒரு சொம்பைக் கவிழ்த்து, அதன் மேல் டம்ளரை வைத்து, ராக்கெட்டின் உச்சியில் இன்னொரு குட்டி ராக்கெட் எப்படி இருக்கும் என்று காட்டினீர்கள். கீழே தீப்பிடித்தால் அது ஆட்கள் இருக்கிற கூட்டை மட்டும் பிடுங்கிக்கொண்டு போய்விடும் என்றீர்கள்.

"அப்பறம்?"

"அப்பறம் குடை விரியும்."

"அப்பறம்?"

"கடல்லயோ காட்டுலயோ விழுகும். ஆளு தேடி வருவாங்க."

"வரலீன்னா?"

"வருவாங்க அம்மிணி. அதுக்குன்னே ஆளு வெச்சிருப்பாங்க."

சீட்டில் நீங்கள் பல தடவை உட்கார்ந்து இறங்கியிருக்கிறீர்கள். ஒரு தடவை மட்டும் இறங்க முடியவில்லை. அன்றைக்கு எதுவும் தவறு நடக்கவில்லை என்று நீங்களே பிறகு எத்தனை முறை சொல்லியிருப்பீர்கள்! மருந்து சரியாக வெடித்தது. பட்டைகள் சரியாக இறுகியிருந்தன. சீட்டு பிசகாமல் மேலே ஏறியது. உங்கள் முதுகில் ஒரு எலும்பு மட்டும் நசுங்கிப் போயிற்று. வீட்டுக்கு வந்த கடிதத்தில் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவும் நலமாக இருப்பதாகவும் எழுதியிருந்தார்கள். அதை நம்பி நாங்கள் அந்த வருஷத்து மாரியம்மன் நோம்பிக்கு மாவிளக்கு எடுத்தோம்.

மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்து, வேலையைவிட்டு அனுப்பப்பட்டு, நீங்கள் ஊர் வந்து சேர்ந்த நாள் நினைவிருக்கிறது. காரிலிருந்து இறங்கி விறைப்பாக நின்றீர்கள். தோலும் கேன்வாஸும் வைத்துத் தைத்த ஒரு கச்சை அக்குளிலிருந்து இடுப்புவரை உங்களைப் பிடித்துக்கொண்டிருந்தது. உங்கள் அய்யன் முன்னால் வந்து நின்றார். எப்போதும் காலைத் தொட்டுக் கும்பிடுகிற நீங்கள் குனிய முடியாமல் கையை மட்டும் கூப்பினீர்கள். அவர் நம் மகளைத் தூக்கி உங்கள் கையில் கொடுக்கப் போனார். கச்சையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அன்று சாயங்காலம் கட்டுத்தறியில் மாட்டைத் தடவிக்கொண்டே, "ஆகாசத்துக்குப் போற எவனுக்கோசரமோ முதுக ஒடச்சுக்கிட்டு வந்திருக்கறான். இவனுக்கு எவன் சீட்டு செய்வான்?" என்றார். சுவருக்கு இந்தப் பக்கம் நீங்கள் படுத்திருந்தீர்கள். உங்களுக்குக் கேட்டது என்று எனக்குத் தெரியும்.

உழவு, அண்டை வெட்டு, நிலக்கடலை பிடுங்குவது எல்லாம் உங்கள் தம்பி தலையில் விழுந்தது. நீங்கள் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கப் பழகி, கொஞ்ச நாள் சந்தைப்பக்கம் டீக்கடை வரை போய் வந்தீர்கள். மாடு பிடிக்க வந்த எவனோ ஒருவன், "வாங்க, ஆகாசத்துக்குப் போயிட்டு வந்தவரே, அங்க மாடு என்ன வெலைங்க?" என்று கேட்டானாம். அதோடு போவதை நிறுத்திவிட்டீர்கள். தினமும் காலையில் கச்சையை மாட்டிவிடுவது என் வேலை. மூச்சை முழுவதும் வெளியே விடுவீர்கள். அந்த ஒரு கணத்தில் நான் பட்டைகளை மேலிருந்து கீழாக இறுக்க வேண்டும். முதுகு ஒரு பக்கமாகத் திரும்பிவிடக் கூடாது. திரும்பினால் நீங்கள் கத்த மாட்டீர்கள். கண் மட்டும் மூடிக்கொள்ளும். அந்தக் கண்ணைப் பார்த்துப் பார்த்தே நான் அந்த வேலையைக் கற்றுக்கொண்டேன்.

எழுபத்தைந்தில் பங்குனி வெயில் காய்ந்துகொண்டிருந்தபோது, உங்கள் தம்பி சந்தையிலிருந்து ஒரு பேப்பர் கொண்டுவந்தார். இரண்டு ரஷ்யர்கள் ஏறிப்போன ராக்கெட் பாதி வழியில் கெட்டுப்போய், அவர்கள் இருந்த கூடு மட்டும் தனியாகப் பிரிந்து, எங்கோ மலைப்பகுதியில் இறங்கிவிட்டது என்று போட்டிருந்தது. நீங்கள் கட்டிலில் படுத்தபடியே அதைக் கைக்கு எட்டிய தூரத்தில் பிடித்துப் படித்தீர்கள். படித்துவிட்டு, "தப்பிச்சுட்டாங்க அம்மிணி!" என்று கூப்பிட்டீர்கள். ஊருக்கு வந்ததிலிருந்து உங்கள் குரலை நான் அவ்வளவு சத்தமாகக் கேட்டதில்லை. அடுப்படியிலிருந்து ஓடி வந்தேன். மகளைக்கூடக் கூப்பிட்டு, வாய் பேசப் பழகிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளைக்குக் கூடு பிரிந்த கதையைச் சொன்னீர்கள்.

பிறகு அந்தச் சின்னச் செய்தியை மறுபடியும் மறுபடியும் படித்தீர்கள். பேப்பரைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தீர்கள்.

"அவ்வளவு ஒசரத்துலருந்து அந்த வேகத்துல வந்தா, ஆளு எடை பல மடங்காகி அமுத்தியிருக்கும். முதுகப் பத்தி ஒண்ணும் எழுதலியே."

"நல்லா இருக்கறாங்கன்னு போட்டிருக்குதுங்களே."

"என்னப் பத்தியும் அப்படித்தானே எழுதுனாங்க."

பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டீர்கள்.

அதற்கு அடுத்து மழை பொய்த்தது. கிணறு வற்றி, தென்னைகள் மட்டை கவிழ்ந்து நின்றன. கிணற்றை ஆழப்படுத்த உங்கள் அய்யன் ஆள் பிடித்துவந்தார். பாறையில் குழி போட்டு வெடி வைத்து, உடைந்த கல்லைக் கூடையில் மேலே ஏற்றுவார்கள். அவர்களில் மூத்தவர் மாரப்பன். ஒரு நாள் உச்சி வெயிலில் கிணற்றடியிலிருந்து கூச்சல் கேட்டது. வெடி வைத்து முடித்து மாரப்பன் இறங்கியதும், விரிசல் விட்டிருந்த பக்கவாட்டுப் பாறை சரிந்து அவர் இடுப்பில் விழுந்திருந்தது. கல்லை உருட்டித் தள்ளிவிட்டார்கள். அவரால் எழ முடியவில்லை. நான் மகளை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடினேன். நீங்கள் சுவரைப் பிடித்து எழுந்து, கம்பூன்றி, என் பின்னாலேயே வந்துவிட்டீர்கள்.

அவர்கள் மாரப்பனின் அக்குளில் வடத்தைக் கட்டி, மாட்டைப் பூட்டி இழுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள்.

"நிறுத்துங்க!" என்றீர்கள். "அப்படித் தூக்குனா செத்துப் போயிருவாரு. இல்லீன்னா காலு ரெண்டும் போயிரும். மாட்ட அவுத்து உடுங்க. மாடு குலுக்கும். ஆளுகதான் இழுக்கோணும்."

நீங்கள் சொல்லித்தான், அவரைப் படுக்க வைத்துத் தூக்க மோட்டார் ரூம் கதவைக் கழற்றி உள்ளே இறக்கினார்கள். பாராசூட்டில் குதிக்கிறவர் தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்கிற பட்டைகள் ஒரு ஜோடி வீட்டில் அட்டாலிப் பரணில் கிடந்தன. அவற்றை நான் எடுத்து வந்தேன். மாரப்பனோடு கீழே இருந்த இளையவருக்கு, எப்படிக் கட்ட வேண்டும் என்று பட்டையைத் தூக்கிக் காட்டி மேலிருந்து கத்திச் சொன்னீர்கள். அவர் அழுதுகொண்டிருந்தார். கொக்கியை எந்தப் பக்கம் போடுவது என்றே அவருக்குப் புரியவில்லை. நீங்கள் கிணற்று விளிம்பைப் பார்த்தீர்கள். உங்கள் கம்பைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

"நீ போறியா அம்மிணி?"

"பொம்பளயக் கெணத்துல எறக்கறதா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா?" என்று அய்யன் கத்தினார்.

"அவளுக்குத்தானுங்கய்யா தெரியும். முதுகு திரும்பாமக் கட்டறதுக்கு இங்க வேற ஆளு இல்ல."

நான் சேலையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டேன். நீங்களே பட்டைகளை என் தோளிலும் தொடையிலும் மாட்டி, கொக்கியைப் பூட்டி, இழுத்துப் பார்த்தீர்கள். அத்தனை பேர் நடுவில் நீங்கள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. பாதி ஆழம் வரை கல்படி இருந்தது. அதற்குக் கீழே புதிதாக வெட்டிய வெறும் பாறை. என்னை வடத்தில் இறக்கினார்கள். வெடிமருந்தின் நெடி மூக்கை அடைத்தது. மேலிருந்து உங்கள் குரல் மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. "மெதுவா. அப்படித்தான். இன்னுஞ் சித்த. காலு எட்டுதா?"

மாரப்பனின் முகம் கல்தூளில் வெளுத்திருந்தது. "அம்மிணி, எனக்குக் காலு இருக்குதுங்களா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். உங்களுக்குக் கட்டுவது போலத்தான் கட்டினேன். அந்த இளையவரையும் சேர்த்துக்கொண்டு, மாரப்பனின் உடம்பு துளியும் திரும்பாமல் கதவைப் பக்கவாட்டில் நுழைத்து, என் உடம்பிலிருந்த பட்டைகளைக் கழற்றி அவர் நெஞ்சிலும் தொடையிலும் போட்டு, மூச்சை வெளியே விடச் சொல்லி இறுக்கினேன். அவர் கண் மூடவில்லை. சரியாக வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு மேலே ஏறியது. என் தலைக்கு மேல் வானத்தை அது மறைத்துக்கொண்டது. உங்கள் குரல், "ஒண்ணாப் புடிங்க, ஒண்ணா," என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பாதிக்கு மேல் போனதும் என்னவோ உராய்கிற சத்தம் கேட்டது. வடம் உருளையைவிட்டு விலகி இரும்பு அச்சில் விழுந்திருக்கிறது. இழுத்தவர்கள் பிடி நழுவி, கதவு சட்டென்று சரிந்து இறங்கியது. மாரப்பன் அலறினார். பொடிக்கல் என் முகத்தில் கொட்டியது. பிறகு, அப்படியே நின்றுவிட்டது. யாரோ பிடித்திருக்கிறார்கள். யார் என்று தெரியவில்லை. ஆனால் உங்கள் குரல் நின்றுபோயிருந்தது.

கதவு மறுபடி அசைந்தபோது, "ஒண்ணாப் புடிங்கடா," என்று சொன்னது அய்யனின் குரல்.

என்னைத் தூக்கி மேலே விட்டபோது முதலில் பார்த்தது இரண்டு பேரை. மாரப்பன் கதவோடு வரப்பில் கிடந்தார். அவருக்குப் பக்கத்தில் நீங்கள் மல்லாந்து கிடந்தீர்கள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து சிவந்திருந்தது. சுற்றி நின்றவர்கள் நீங்கள் களைத்துப் படுத்திருப்பதாக நினைத்து, மாரப்பனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அய்யன் மட்டும் உங்கள் தலைமாட்டில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் உங்கள் முகத்துக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அவரு காலு ஆடுதா பாரு," என்றீர்கள் என்னிடம். மாரப்பனின் கால்விரல்கள் அசைந்தன. அதைச் சொன்னேன். உங்கள் காலைப் பற்றி நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்லவில்லை.

லாரியில் இருவரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அடுத்த தை மாதம் மாரப்பன் கம்பூன்றி நம் வாசலுக்கு நடந்து வந்தார். நீங்கள் கட்டிலைவிட்டு எழவே இல்லை. அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, சட்டையைத் தூக்கி, கழுத்திலிருந்து இடுப்பு வரை விரலால் அமுக்கிப் பார்த்தீர்கள். "நேரா இருக்குது," என்றீர்கள். அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் போன பிறகு, அதுவரை அடக்கி வைத்திருந்ததை உங்களிடம் கேட்டுவிட்டேன்.

"அந்த வடத்தப் புடிக்காம இருந்திருக்கலாமில்லீங்க?"

"நான் எங்க புடிச்சேன்? கை தானாப் போயிருச்சு அம்மிணி."

அதற்குப் பிறகு உங்களுக்கு இருந்த காலம் அதிகமில்லை. படுக்கைப் புண், ஓயாத மார்ச்சளி. ஒரு மார்கழிக் காலையில், கச்சை இல்லாமல், முழுதாக ஒரு மூச்சு விட்டு, திரும்ப இழுக்காமல் போய்விட்டீர்கள். சீட்டு செய்தவர்களுக்கு எப்படித் தகவல் சொல்வதென்று எங்களுக்குத் தெரியவில்லை. உங்கள் முதுகு தாங்காமல் போனது அவர்களுக்கு எதற்காவது உதவியதா, இல்லையா என்று இன்றுவரை யாரும் சொன்னதும் இல்லை. உதவியிருக்கும் என்று மகள் சொல்வாள். நான் சரி என்று தலையாட்டுவேன். உங்களை நல்லவர் என்று சொல்லி என்னை ஆறுதல்படுத்த வருகிறவர்களிடமும் தலையாட்டுவேன். ஆறுதல் மட்டும் வந்ததில்லை.

நம் நாட்டிலும் இப்போது ஆட்களை அனுப்பப் போகிறார்களாம். ஆபத்து வந்தால் தப்பிக்கிற கூட்டைச் சோதித்துப் பார்த்ததை டிவியில் காட்டினார்கள். மகள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்தாள். நெருப்போடு ஏறிய ராக்கெட்டிலிருந்து கூடு பிய்த்துக்கொண்டு பறந்தது. குடைகள் விரிந்தன. எங்கும் சிக்கவில்லை.

"உள்ள ஆருமே இல்லம்மா. வெறுங்கூடுதான்," என்றாள் மகள், நான் சேலைத் தலைப்பை வாயில் வைத்திருப்பதைப் பார்த்துவிட்டு.

உங்கள் கடைசிக் காலத்தில் உங்களைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது என் வலது உள்ளங்கையை உங்கள் இடுப்புக்கு மேலே, எலும்பு உள்வாங்கியிருந்த அந்த இடத்தில் கொடுத்துத்தான் தூக்குவேன். இடம் ஒரு விரற்கடை தவறினாலும் உங்கள் கண் மூடிக்கொள்ளும். அப்புறம் இடம் தவறவே இல்லை.

கூடு கடலில் வந்து விழுந்தது. தண்ணீர் உயர எழும்பிற்று. டிவியில் எல்லாரும் கைதட்டினார்கள். மகளும் தட்டினாள். என் வலது கை மட்டும் எனக்கு முன்னால், ஒன்றுமில்லாத காற்றில், மல்லாந்து விரிந்து, தாங்கிக்கொண்டு நின்றது.